ததேயு கேட்ட மூணு நாள்

உக்காருங்க சார். அந்த டயர் மேல உக்காருங்க, சட்டையில ஒட்டாது. உங்க காருல வாட்டர் பம்பு போயிருக்கு, வேற ஒண்ணுமில்ல. சாமான் தூத்துக்குடியில இருந்து பஸ்ல வரணும், டிரைவர்ட்ட சொல்லியாச்சு. அது வாறதுக்குள்ள பழசைக் கழட்டி வச்சிருதேன். டீ சொல்லட்டா? வேண்டாமா? சரி.

எந்தப் படகு? அந்தா கெடக்கே, அதுவா? வாறவன் போறவன் எல்லாம் அதைத்தான் கேக்கான். உளுத்துப்போன படகை ஏம்யா காவல் காக்கெ, உடைச்சு அடுப்புல வைக்க வேண்டியதுதானேன்னு. நான் சிரிச்சுக்கிடுவேன். உங்களுக்கு நேரம் கெடக்கு, எனக்குக் கை வேலை பாக்கும், வாய் சும்மாதானே இருக்கு. சொல்லுதேன். நம்புதியளோ நம்பலையோ, அது உங்க பாடு. ஆனா கேட்டுட்டு ஒரு நியாயம் சொல்லணும். என் மேல தப்பா, அவரு மேல தப்பான்னு.

என் பேரு ததேயு. இந்தக் கீழத்துறையில இன்ஜின் மெக்கானிக்னா அன்னைக்கும் நான்தான், இன்னைக்கும் நான்தான். அப்ப எனக்குக் கல்யாணம் ஆவல. தடைக்காலம் தெரியும்லா? மீன் முட்டையிடுத காலம்னு கோடையில ரெண்டு மாசம் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போவக் கூடாதும்பான் கவர்மெண்டு. ஊரே படுத்துத் தூங்கும். எனக்கு மட்டும் இடுப்பு ஒடியும். படகை எல்லாம் கரையில ஏத்தி, அடியில கட்டை குடுத்து நிறுத்தியிருப்பாவ. படகு வயித்துக்குக் கீழ ஒரு ஆளு உக்காந்து சோறு திங்குத அளவுக்கு நெழல் விழும். அந்தா கெடக்குத படகுக்கு அடியில, ஒரு நாள் நட்ட நடு மத்தியானம், தூக்குச்சட்டியைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். காது ரெண்டும் அடைச்சுது. கடலுக்குள்ள ஆழமா முங்குனா அடைக்குமே, அப்படி. திரும்பிப் பாக்கேன், ஒருத்தன் முட்டி போட்டுக் கெடக்கான்.

சின்ன வயசு. என்னைவிட நாலஞ்சு வயசு கம்மியா இருக்கும். காலுல செருப்பு இல்ல. உடம்போட ஒட்டுன மாதிரி சாம்பல் கலர்ல ஒரு துணி. நான் என்ன நெனச்சேன், சிலோன்ல இருந்து தப்பிச்சு வந்த பையன்னு நெனச்சேன். "தம்பி, யாரு நீ? எங்கேருந்து வாற?"ன்னேன். அவன் என்னைப் பாக்கல. கடலைப் பாத்தான். எந்திரிச்சு ரெண்டு எட்டு வச்சு நின்னு, "இவ்வளவு தூரத்தில் இருக்கிறதே"ன்னான்.

"எது?"

"கடல்."

கிறுக்கன்னு முடிவு பண்ணிட்டேன். ஆனா கிறுக்கனுக்கும் பசிக்கும்லா. கை கழுவச் சொல்லிச் செம்புத் தண்ணியை ஊத்துனேன். அவன் கழுவல சார். கையைக் குழிச்சு, விழுந்த தண்ணியை அப்படியே ஏந்திக் குடிச்சான். மண்ணுல சிந்துனதைப் பாத்து, நான் என்னமோ கொலை பண்ணிட்ட மாதிரி என்னைப் பாத்தான். அன்னைக்குச் சாளை மீன் குழம்பு. முள்ளு எடுக்கத் தெரியல அவனுக்கு. நான்தான் எடுத்துக் குடுத்தேன். தின்னுக்கிட்டே அழுதான். "என்ன தம்பி, காரமா?"ன்னு கேட்டேன். "இதுதான் மீனா?"ன்னு கேட்டான்.

பேரு கேட்டேன். நிலன்னு சொன்னான். என்னய்யா பேரு இதுன்னேன். "எங்கள் காலத்தில் நிலம் குறைவு. பிறக்கிற பிள்ளைகளுக்கு நிலம், குன்று, மேடு என்றுதான் பெயர் வைப்பார்கள்"ன்னான். புத்தகத்துல இருக்குத மாதிரிதான் பேசுவான். ஆனா மரியாதை தெரியாது. எல்லாருக்கும் நீ, வா, போ தான். நீங்கங்கிற சொல்லே அங்க அழிஞ்சு போச்சாம். ஆளே கொஞ்சப் பேருதான் மிச்சமாம், அதுல பெரியவன் சின்னவன் எங்கேருந்து வரும்னான்.

எரநூறு வருசம் கழிச்சு வரப்போற காலத்துல இருந்து வந்திருக்கேன்னு அவன் அன்னைக்கே சொல்லிட்டான். ஒளிக்கல. இந்த ஊரு, உங்க தூத்துக்குடி, திருச்செந்தூர் ரோடு, எல்லாம் தண்ணிக்குள்ள. அவங்க ஒரு கதவு மாதிரி என்னமோ செஞ்சு வச்சிருக்காவளாம். பழைய மண்ணு, விதை, கெட்டுப்போவாத கடல் தண்ணி, இதெல்லாம் எடுத்துட்டுப் போறதுக்கு ஆள் அனுப்புவாவளாம். அந்தக் கதவு நம்ம காலத்துல இந்தப் படகு நிக்குத எடத்துலதான் திறக்குமாம், பத்தடி அங்க இங்க போவாதாம். உச்சி வெயிலுக்கு வந்தா, பொழுது அடையுத நேரத்துக்கு அதுவே இழுத்துக்கிடும். இருக்கணும்னு நெனச்சாலும் இருக்க முடியாது. தூண்டில்ல மாட்டுன மீனு மாதிரிதான். நான் தலையை ஆட்டிக்கிட்டே கேட்டேன், ஒண்ணும் நம்பல. சாயங்காலம் பேசிக்கிட்டு இருக்கும்போதே காது அடைச்சுது. ஆள் இல்ல. தூக்குச்சட்டி மூடியைப் புடிச்சிருந்தான், அது மட்டும் மண்ணுல விழுந்து உருண்டுச்சு. அப்பதான் நம்புனேன்.

அந்த ஸ்பேனரை எடுங்க சார், உங்க காலுகிட்ட. ஆங்.

நாலு நாள் கழிச்சு மறுபடி வந்தான். தாடி விட்டிருந்தான். தோளு அகலமா இருந்துச்சு. "என்னடே, நாலு நாள்ல ஆம்பளை ஆயிட்ட?"ன்னு கிண்டல் பண்ணுனேன். சிரிச்சான். அப்புறம் ரெண்டு நாளைக்கு ஒருக்க, மூணு நாளைக்கு ஒருக்க வந்துக்கிட்டே இருந்தான். ஒருநாள் நெத்தியில தழும்பு. ஒருநாள் ஒரு பல்லைக் காணோம். முகம் கொஞ்சம் கொஞ்சமா முத்திக்கிட்டே வந்துச்சு. கேட்டா, "அங்கே வெயில் அதிகம்"ம்பான். நானும் விட்டுட்டேன். கடல்ல ஒரு வாரம் தங்கிட்டு வாறவனைப் பாத்திருக்கியளா? இருவது வயசுப் பையன் அவங்க அப்பன் மாதிரி வந்து எறங்குவான். உப்புக் காத்துக்கு அப்படி ஒரு வேலை உண்டு. அதனால நான் பெருசா எடுக்கல. எப்படி எடுப்பேன் சொல்லுங்க?

தம்பிங்கிற பேச்சு அப்பவே போயிட்டு. ஓய், நீரு, வாரும்னு ஆயிட்டு. எங்க பக்கத்துல ஒத்த வயசுச் சோட்டாளுங்க அப்படித்தான் பேசுவோம்.

நுங்கு சீசன். ஒரு நாள் பனையேறிட்ட ஒரு குலை வாங்கி வச்சிருந்தேன். சீவிக் குடுத்து, பெருவிரலை உள்ள விட்டு இப்படி நோண்டிக் குடிக்கணும்னு காமிச்சேன். அவருக்கு வரல. சட்டையெல்லாம் தண்ணி. நான் அவரு கையைப் புடிச்சு விரலை உள்ள விட்டேன். கண்ணு ரெண்டும் மின்னிச்சு. "எங்களிடம் பனையின் படம் இருக்கிறது. இந்தச் சுவை இல்லை"ன்னாரு. என் கையில கிரீஸ். அவரு கழுத்துல அஞ்சு விரலும் பதிஞ்சிருந்துச்சு. எப்ப வச்சேன்னு எனக்கே தெரியல. அவரு உதட்டுல நுங்குத் தண்ணி இனிச்சுது.

சார் மூஞ்சியைத் திருப்புதிய. பரவால்ல. உங்களுக்குச் சொல்லத்தானே வேணும். சிநேகம்னு வச்சுக்கிடுங்க, வேற பேருன்னாலும் வச்சுக்கிடுங்க. எனக்குப் பொம்பளைங்க மேல அப்படி ஒரு பிரியம் வந்ததில்ல. அதுக்கு முன்னாலயும் இல்ல. இந்த ஊர்ல அதை வெளிய சொன்னா கட்டி வச்சுத் தோலை உரிச்சிருப்பாவ. அந்தப் படகுக்கு அடியில மட்டும், உச்சி வெயில்ல இருந்து பொழுது அடையுத வரைக்கும், நான் நானா இருந்தேன். அவ்வளவுதான். அதுக்கு மேல விளக்கத் தெரியாது எனக்கு.

அவரு என் தலையை மடியில வச்சுக்கிட்டு அவங்க ஊரைப் பத்திப் பேசுவாரு. மலை உச்சியில எரநூறு முந்நூறு பேரு. தொட்டியில வளக்குத பாசிதான் சாப்பாடு. மழை பேஞ்சா நல்ல தண்ணி, இல்லைன்னா காய்ச்சின தண்ணி. கீழ கரையோரமா அந்தக் கதவு இருக்குத கொட்டகை. அங்கதான் அவருக்கு வேலை. "உமக்கு அங்க யாரு இருக்கா?"ன்னு கேட்டேன். "நீ இருக்கிறாய். இங்கே"ன்னாரு. கேட்டதுக்கு நேரா பதில் சொல்லவே மாட்டாரு மனுசன்.

இந்த நேரத்துலதான் எங்க வீட்டுல உவரியில பொண்ணு பாத்து முடிச்சாவ. பனிமயம்னு பேரு. கோயில்ல மூணு ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்கணும்லா, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபணை இருந்தா சொல்லுங்கன்னு. முத ஓலை வாசிச்சாச்சு. வீட்டுல மாமன் மச்சான்னு கூட்டம். பந்தல்காரன் வாறான், சமையல்காரன் வாறான், படகுத்துறை வரைக்கும் என்னைத் தேடிக்கிட்டு ஆளு வருது. எனக்குப் பயம். அவரு வந்தப்ப சொன்னேன், "ஓய், ஒரு பத்து நாளைக்கு இந்தப் பக்கம் வராதீரும். யாராவது பாத்தா ரெண்டு பேருக்கும் சங்குதான்."

"பத்து நாளா?"ன்னாரு.

"ஆமா, பத்து நாளு."

"குறைக்க முடியாதா? நான்கு?"

"என்னவே மீன் ஏலமா எடுக்கீரு? பத்துன்னா பத்து."

"ஆறு?"

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. "பத்து நாள்ல உமக்கு என்ன நரைச்சா போவும்?"னு கேட்டேன். அவரு சிரிக்கல. என் கையை எடுத்து அவரு மூஞ்சியில வச்சுக்கிட்டாரு. ரொம்ப நேரம். "சரி, ததேயு. பத்து நாள்"னாரு.

இப்ப நீங்களே சொல்லுங்க. அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாம்லா? விசயம் இதுதான்னு ஒரு வார்த்தை?

பத்து நாள் கழிச்சுப் போனேன். மத்தியானம். படகுக்கு அடியில ஒரு பெரியவரு உக்காந்திருக்காரு. தலை நரைச்சு, கன்னம் ஒட்டி, இடது கையில ரெண்டு விரலு இல்ல. எவனோ படகு ஓனர்ட்ட வந்த ஆளுன்னு நெனச்சு, "அண்ணாச்சி, யாரைப் பாக்கணும்?"னு கேட்டேன்.

அவரு என்னையே பாத்தாரு. "பத்து நாள் ஆகிவிட்டது, ததேயு"ன்னாரு.

அந்தக் குரலு மட்டும் மாறல சார். நான் அப்படியே மண்ணுல உக்காந்துட்டேன். அப்பதான் சொன்னாரு. இங்க ஒரு நாளுன்னா அங்க ஒரு வருசமாம். முத நாள் வந்தப்ப அவருக்கு இருவத்தி நாலு வயசு. நாலு நாள் கழிச்சு வந்தாருன்னு சொன்னேனே, அதுக்கு நாலு வருசம் இருந்திருக்காரு. ரெண்டு நாளைக்கு ஒருக்க வந்தாருன்னு சொன்னேனே, ரெண்டு வருசத்துக்கு ஒருக்க வந்திருக்காரு. ஒரு தடவை கதவைத் திறக்கணும்னா அவ்வளவு நாள் கரண்டு சேக்கணுமாம். கடைசிப் பத்து வருசத்துல சேத்து வச்ச கரண்டு இருந்தும் வரல, நான் வராதீரும்னு சொன்னதால. நடுவுல பெரிய வெள்ளம் ஒண்ணு வந்திருக்கு. கதவு அடிச்சுக்கிட்டுப் போவாம இரும்புக் கயித்தைப் புடிச்சுக்கிட்டு நின்னதுல விரலு ரெண்டும் போயிருக்கு.

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். "ஏன் ஓய் சொல்லலை? முதல்லயே சொல்லியிருந்தா நான் பத்து நாளுன்னு சொல்லுவேனா? என்னை என்ன மனுசன்னு நெனச்சீரு?"ன்னு கத்துனேன்.

"சொல்லியிருந்தால், ஒவ்வொரு முறையும் நீ என் முகத்தில் வருடங்களை எண்ணியிருப்பாய். என்னைப் பார்த்திருக்க மாட்டாய்"ன்னாரு.

இது ஒரு பதிலா சார்? நான் மெக்கானிக். ரிப்பேர் என்னன்னு சொன்னாத்தானே பாக்க முடியும்?

அன்னைக்கு அவரு ஒண்ணு கேட்டாரு. "என்னோடு வா." கதவு வழியா கூட ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போகலாமாம். ஆனா போனா திரும்ப முடியாது. இங்கேருந்து போற உடம்பு ரெண்டாவது தடவை தாங்காதாம். "அங்கே மீன் இல்லை. பனை இல்லை. வெயில் இருக்கிறது, பசி இருக்கிறது. ஆனால் நாம் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்"ன்னாரு. சொல்லும்போதே இருமல் வேற. இருமும்போது அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

நான், "ரோசிக்கணும்"னேன்.

"சரி. எவ்வளவு?"

"மூணு நாளு குடும்."

இதுதான் சார். இதைத்தான் உங்கள்ட்ட நியாயம் கேக்கேன். நம்ம ஊர்ல ஒரு மாடு வாங்கணும்னாலே மூணு நாள் பல்லைப் புடிச்சுப் பாப்பான். நான் ஊரை விடணும், எங்கம்மையை விடணும், தொழிலை விடணும், வந்த காலத்தை விட்டுட்டு வராத காலத்துக்குப் போவணும். இதுக்கு மூணு நாள் அதிகமா? மூணு வருசம்னு எனக்குத் தெரியும், தெரியாமச் சொல்லலை. ஆனா பத்து வருசம் பொறுத்த மனுசனுக்கு மூணு வருசம் பெருசா? அவரே "சரி"ன்னுதானே சொன்னாரு. கடலைத் திரும்பிப் பாத்துட்டுத்தான் சொன்னாரு, ஆனா சொன்னாரு. பொழுது அடையுத நேரம், என் மூஞ்சியை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டாரு. அந்த மூணு விரலு கையும் சேத்துத்தான். எனக்கு வாயில "வாறேன் அண்ணாச்சி"ன்னு வந்துட்டு. நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். அவரு காதுல விழுந்துட்டுதான்னு தெரியல. சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு.

இன்னொண்ணும் கேளுங்க. நான் இழுத்தடிச்சேன்னு மட்டும் நெனச்சிராதீங்க. சத்தியமாச் சொல்லுதேன், அன்னைக்கு ராத்திரி சோறு திங்கும்போதே முடிவு பண்ணிட்டேன், போறதுன்னு. ஆனா என்ன செய்ய? வாக்குக் குடுத்தது மூணு நாளு. நடுவுல கூப்பிட்டுச் சொல்ல டெலிபோனா இருக்கு அங்க? சும்மா இருந்த ரெண்டு நாளையும் வீணாக்கல. ஒரு படகுக்கு இன்ஜினைப் பிரிச்சுப் போட்டிருந்தேன், அதை அப்படியே விட்டுட்டுப் போனா என் பேரு என்னாவும்? பூட்டிக் குடுத்தேன். கல்யாணத்துக்குத் தச்ச சட்டை வந்துச்சு, போட்டுப் பாத்தேன். எங்கம்மை வச்ச மீன் குழம்பைக் கடைசியா ரெண்டு வேளை நல்லாத் தின்னேன். முடி வெட்டிக்கிட்டேன். அவரு நரைச்சுப் போயிருக்காரு, நானாவது பாக்குறதுக்கு நல்லா இருக்கணும்லா.

மூணாம் நாள் காலையில சவரம் பண்ணி, குளிச்சு, ஒரு பை எடுத்துக்கிட்டேன். ஸ்பேனர் செட்டு ஒண்ணு. ரெண்டு பொட்டலம் நெத்திலிக் கருவாடு. அப்புறம் பனங்கொட்டை, பை நிறைய. மலையில வந்தாலும் வரும், பனைக்கு என்ன, கல்லுலயும் வேர் விடும். வீட்டுல யார்ட்டயும் சொல்லல. உச்சி வெயிலுக்கு அந்தப் படகுக்கு அடியில போய் உக்காந்தேன்.

காது அடைச்சுது. கண்ணை மூடிக்கிட்டு, "வந்துட்டீரா ஓய்"னேன்.

பொம்பளைக் குரலு. "நீதான் ததேயுவா?"

அம்பது வயசு இருக்கும் அந்த அம்மாவுக்கு. அதே சாம்பல் துணி. குறிஞ்சின்னு பேரு சொன்னாவ. நிலன் கூட அந்தக் கொட்டகையில வேலை பாத்தவங்களாம். அவங்க நிக்கவே இல்ல, உக்காந்துட்டாவ. மூச்சு வாங்குச்சு. நான் அவங்க பின்னால பாக்கேன், அவரு வாறாரான்னு.

"அவன் இல்லை"ன்னாவ.

அவரு கடைசியா இங்கேருந்து திரும்பிப் போன வருசமே கடல் கொட்டகை வாசல் வரைக்கும் ஏறிட்டாம். எல்லாரும் இன்னும் மேல உள்ள மலைக்குப் போறதுன்னு முடிவாயிட்டு. கதவைத் தூக்கிட்டுப் போவ முடியாது. அங்கேயே விட்டுட்டு வான்னு கூப்பிட்டிருக்காவ. இவரு மாட்டேன்னுட்டாரு. மூணு நாள்ல ஒரு ஆளு வருவாரு, கதவுல கரண்டு இருக்கணும்னு சொல்லியிருக்காரு. அவங்களுக்கு அது மூணு வருசம். சண்டை போட்டுப் பாத்தாவ, அழுது பாத்தாவ. கடைசியில விட்டுட்டுப் போயிட்டாவ. வேற என்ன செய்வாவ, புள்ளைகுட்டி இருக்குல்லா.

அவரு தனியா இருந்திருக்காரு. முத வருசம் தினமும் ரேடியோ மாதிரி ஒண்ணுல மலையில உள்ளவங்கட்டப் பேசுவாராம். என்னைப் பத்தித்தான். ரெண்டாம் வருசம் பேச்சு கொறைஞ்சு போச்சாம். மழைத்தண்ணி தீர்ந்ததும் உப்பு கலந்த தண்ணியையே காய்ச்சிக் குடிச்சிருக்காரு. இருமல் முத்திப்போச்சு. மூணாம் வருசம் மழைக்காலத்துல ஒரு தடவை பேசி, "நான் முடியாமல் போனால், அந்த நாளில் யாராவது போங்கள். அவன் படகின் கீழே காத்துக்கொண்டிருப்பான். காத்திருப்பது கொடியது"ன்னு சொல்லியிருக்காரு. அதுக்கப்புறம் சத்தம் இல்ல. இந்த அம்மா மலை எறங்கி, தண்ணியில நீந்திக் கொட்டகைக்கு வந்து பாத்தா, ஆளு கதவுப் பக்கமாத் தலை வச்சுக் கெடக்காராம். கதவுல கரண்டு நிறைஞ்சிருந்துச்சாம். ரெண்டு பேருக்குக் காணுத அளவு.

"எப்ப?"ன்னு கேட்டேன்.

"மூன்று மாதம் இருக்கும்"னாவ.

மூணு மாசம். இங்க ஒரு நாள் அங்க ஒரு வருசம்னா, மூணு மாசம் இங்க எவ்வளவு நேரம்? எனக்கு அந்தக் கணக்கு போட்டாத்தான் ஆவும்னு இல்ல, ஆனா மனசு போட்டுருச்சு. அன்னைக்குக் காலையில. நான் கண்ணாடியை ஆணியில மாட்டி வச்சுக்கிட்டு, ஒரு பக்கக் கன்னத்துல சோப்பு போட்டுச் சவரம் பண்ணிக்கிட்டு இருந்த நேரம்.

அந்த அம்மா என் கையில இருந்த பையைப் பாத்தாவ. "வருவதாகத்தான் இருந்தாயா?"ன்னு கேட்டாவ.

"ஆமாம்மா. முத நாளே முடிவு பண்ணிட்டேன்"னேன், பெருமையாத்தான் சொன்னேன். அவங்க என்னைப் பாத்த பார்வை நல்லால்ல. என்ன பண்ணுதது, பழக்கம் இல்லாத ஆளு.

"இப்போதும் வரலாம். இது உனக்காக அவன் சேர்த்தது. இன்று விட்டால் இனி கதவு இல்லை"ன்னாவ.

யாருக்காகப் போவ? நான் வரலைன்னு சொல்லிட்டேன். பையை அவங்கட்டக் குடுத்தேன். ஸ்பேனரை எடுத்துட்டுத்தான் குடுத்தேன், அவங்களுக்கு அதை வச்சு என்ன ஆவப்போவுது. அந்த அம்மா கருவாட்டை மோந்து பாத்தாவ. பனங்கொட்டை ஒண்ணை எடுத்து உள்ளங்கையில வச்சுப் பொத்திக்கிட்டாவ. பொழுது அடையுத வரைக்கும் ரெண்டு பேரும் அங்கேயே உக்காந்திருந்தோம். அவரைப் புதைச்சியளாம்மான்னு ஒரு தடவை கேட்டேன். "புதைக்க நிலம் இல்லை"ன்னாவ.

அவ்வளவுதான். வந்த புதன்கிழமை எனக்குக் கல்யாணம். நல்ல கூட்டம். சட்டை கனகச்சிதமா இருந்துச்சு.

இப்பச் சொல்லுங்க. மூணு மாசம் சார். நம்ம கணக்குல ஒரு காலை நேரம். அதைப் பொறுக்க முடியலையே மனுசனுக்கு! உடம்பைப் பாத்துக்கிட்டிருந்திருக்கலாம். அவங்க ஆளுங்களோட மலைக்குப் போயிட்டு, அந்தத் தேதிக்கு எறங்கி வந்திருக்கலாம். கதவுல கரண்டைச் சேத்தாரு, நல்ல தண்ணியைச் சேக்கலை. எனக்கு அதுதான் ஆறவே இல்ல. நான் சொன்ன சொல்லுக்குச் சரியா, சொன்ன நாள்ல, சொன்ன நேரத்துல அங்க இருந்தேன். இருந்தேனா இல்லையா?

அந்தத் துணியை இப்படிக் குடுங்க. கண்ணுல டீசல் பட்டுட்டு.

பனிமயத்துட்ட ரொம்ப வருசம் இதைச் சொல்லல. பொம்பளைப் புள்ளை ரெண்டு பொறந்து, பெரியவ பள்ளிக்கூடம் போவ ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் சொன்னேன். ஏன் நீங்க நுங்கு மட்டும் வாயில வைக்க மாட்டேங்கிறியன்னு ஒரு நாள் கேட்டா. வாசல்ல உக்காந்து மீன் ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தா. என்னமோ அன்னைக்கு வாய் நிக்கல. உங்கள்ட்டச் சொன்ன மாதிரி எல்லாத்தையும் சொன்னேன். கல்யாணத்துக்கு முன்னால உன்னை விட்டுட்டுப் போவத்தான் இருந்தேன்னும் சொன்னேன். கத்துவா, அவங்க அண்ணன்மாரைக் கூட்டிட்டு வருவான்னு நெனச்சேன். அவ கத்தியை அப்படியே பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா.

"அவிய அங்க தனியாவா இருந்தாவ?"ன்னு கேட்டா.

"ஆமா."

"மூணு வருசமுமா?"

"எனக்கு மூணு நாள்தாம்ட்டி"ன்னேன்.

என்னை ஏறிட்டுப் பாத்தா. அப்புறம் கையைக் கழுவிட்டு, முக்காடு போட்டுக்கிட்டுக் கோயிலுக்குப் போயிட்டா. மீனு ஆயாமலே கெடந்துச்சு, காக்கா ரெண்டைத் தூக்கிட்டுப் போயிட்டு. கோவம்தான். இருக்காதா பின்ன? தாலி கட்டப்போறவன் மூணே நாள்ல அவளை விட்டுட்டுப் போவ முடிவு பண்ணியிருக்கானேன்னு எந்தப் பொண்டாட்டிக்கும் இருக்கத்தான் செய்யும்.

பங்குச் சாமியார்ட்டப் போயி நிலன்னு ஒரு ஆத்துமாவுக்குப் பூசை வைக்கணும்னு கேட்டிருக்கா. எப்ப இறந்தாருன்னு சாமியார் கேட்டிருக்காரு. "இன்னும் பொறக்கல சாமி"ன்னு சொல்லியிருக்கா. அவரு என்னைக் கூப்பிட்டு, உன் பொண்டாட்டியை டாக்டர்ட்டக் காமின்னாரு. எனக்கு மானம் போச்சு.

அதுல இருந்து வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் அவங்கவங்க கல்லறையில மெழுகுதிரி கொளுத்துவாவளா, இவ எங்கம்மை கல்லறையில ஒண்ணு, எங்கப்பா கல்லறையில ஒண்ணு கொளுத்திட்டு, மூணாவதா ஒண்ணை எடுத்துக்கிட்டுக் கடக்கரைக்கு நடப்பா. அவருக்குத்தான் கல்லறை கிடையாதே. அலை வந்து காலை நனைக்குத எடத்துல மண்ணைக் குவிச்சு அதுல நட்டு வைப்பா. சொன்னாக் கேக்க மாட்டா. கண்ணால பாக்காத ஆளு. என்ன உறவு இவளுக்கு? நான் அழலை, இவ அழுவா. அவிய பேரைச் சொல்லிச் சொல்லி, கூடப் பொறந்தவன் செத்துப்போன மாதிரி, வாய்விட்டு அழுவா.

எனக்கு அது புடிக்கல சார். ஆனா தனியா விட முடியுமா? நானும் போவேன். கார்த்திகைக்கு முன்னால காத்து இங்க பேயாட்டம் வீசும். அவ அழுது முடியுத வரைக்கும் நான் குத்த வச்சு உக்காந்து, ரெண்டு கையையும் இப்படிக் குவிச்சு, அந்தத் திரி அணையாமப் பாத்துக்கிடுவேன்.